நாகலூர் பனியில் ஆறு புள்ளி

சேலத்தில் பஸ் ஏறும்போதே கேமராவைக் கழுத்தில் மாட்டிக் கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் ஒரு மிளகாய் பஜ்ஜி, அப்புறம் நாகலூர். இறங்கினால்... ஒன்றுமே தெரியவில்லை ஸார்! காபித் தோட்டம், சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி எல்லாவற்றையும் பனி முழுங்கியிருந்தது.

"மெத்துனு இருக்கே, பழுத்துட்டோ?" வேலியோரக் காபிச் செடியைத் தடவியபடி ஒரு பெரியவர். கையில் வெள்ளைக் குச்சி. ரிடையர்டு வாத்தியார். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவராம்.

"அடடா, பாவம்..." என்று இழுத்துவிட்டேன்.

"எனக்கா, உங்களுக்கா? இங்ஙன ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியலல்லா!"

அசடு வழிந்தேன். அவரே பேச்சை மாற்றினார். 1887-ல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் என்ற மிஷனரி அம்மையார் நாட்டின் முதல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த மூன்றாவது வருஷம், 1890-ல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார்.

"பள்ளிக்கூடம் கட்டுதது பெருசில்ல தம்பி. உள்ள யாரு பேச்சு எடுபடுதுங்கதுதான் விஷயம்" என்றவர், பாரிஸுக்கே தாவிவிட்டார்.

அங்கிருந்த பள்ளியில், கண்ணுள்ளவர்கள் படிக்கிற அதே எழுத்தை மேடாக அச்சடித்துத் தடவச் சொன்னார்கள். ஒரு வரி தடவி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். சுயமாக எழுதவோ வழியே இல்லை. அங்கே படித்த லூயி பிரெயில் 1824-ல், 15 வயதில், ஆறே புள்ளிகளில் ஓர் எழுத்தை உருவாக்கினான். பிற்பாடு அங்கேயே வாத்தியாரும் ஆனார். 1840-ல் புது டைரக்டர் வந்தார். புள்ளிக்குத் தடா! (எங்கள் ஆபீஸில் புது மேனேஜர் வந்தால் நாற்காலியை மட்டும்தான் மாற்றுவார்.) பையன்கள் விடவில்லை. ஒளித்து வைத்துக் குத்தினார்கள். டைரக்டரின் உதவியாளரே அவர்கள் பக்கம் சாய, 1844-ல் புதுக் கட்டடத் திறப்பு விழாவிலேயே புள்ளி எழுத்து அரங்கேறியது. பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854-ல். பிரெயில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அத்தனைக்கும் எங்களைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பிறகு என் உள்ளங்கையை விரித்து, மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று, விரலால் இரண்டு புள்ளி வைத்தார். "இதான் 'க'. இந்தியிலயும் இதே புள்ளிதான், இங்கிலீஷ் 'கே'யும் இதுவேதான். 1951-ல பாரதி பிரெயில்னு எல்லா பாஷைக்கும் பொதுவா வெச்சாங்க."

பி.காம். படித்தும் எனக்கு இந்தி ஏறவில்லை. நாகலூர் ரோட்டோரம் ஓர் எழுத்து வந்துவிட்டது!

பனி சட்டென்று விலகியது. "ஸார், அதோ பள்ளத்தாக்கு! அடியில அப்படியே மேகம்..." என்று வர்ணிக்க ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும். டீக்கடை திறந்திருக்கான்னு பாருங்க."