ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மீண்டும் ஒரு சைக்கிள்



அண்மையில் எங்கள் பகுதிக்கு வந்து குடியேறிய ஐயா ஒருவர் என்னை ரூஸ் லேனில் சைக்கிளோடு கண்டுவிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு, "என்ன தம்பி, இன்னும் கார் எடுக்க வசதிப்படேல்லையோ?" என்று கேட்டார். கார் இருக்கிறது. பழையதுதான், என்றாலும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முப்பத்தேழு வயதில், தலையில் கவசமும் கையில் உறையும் போட்டு, கூனிக் குறுகி நான் ஏன் சைக்கிள் ஓடுகிறேன் என்பதை அவருக்குத் தெருவில் நின்று விளங்கப்படுத்த முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கை முதலில் பார்க்கிற எவரும் இது சைக்கிளுக்கான ஊர் என்று சொல்லமாட்டார்கள். நியூ ஜேர்சி ரேண்பைக்கின் 9ஆம் இலக்க வெளிவாசலால் இறங்கினால், நேரே 18ஆம் இலக்கப் பெருந்தெருவில் வந்து விழுவீர்கள். இரண்டு பக்கமும் கடைகள், கார் நிறுத்துமிடங்கள், எந்த நேரமும் ஓயாத வாகனம். வந்த புதிதில் அந்தத் தெருவைக் குறுக்கே கடந்து பால் வாங்கப் போவதே எங்களுக்குப் பெரிய பயணமாக இருந்தது. ஆனால் அந்தத் தெருவை விட்டு இரண்டு மைல் தள்ளிப் போனால் வேறு ஊர். மரங்கள், பழைய பண்ணை நிலங்கள், ஓடைகள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

முதலில் நான் ஓடத்தான் தொடங்கினேன். சைக்கிள் அல்ல, கால் ஓட்டம். தொழிற்சாலையில் பிற்பகல் வேலை. இரவு 11 மணிக்கு முடியும். எட்டு மணிநேரம் ஒரே இடத்தில் நின்று பெட்டி அடுக்குகிற வேலை. வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வராது. காலையில் மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு சோடிச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். ஓட்டத்துக்கு ஒன்றும் தேவையில்லை. யாரையும் கேட்கவும் தேவையில்லை. களைத்து வந்து குளித்தால் தலைக்குள் இருக்கிற இரைச்சல் கொஞ்ச நேரம் அடங்கும். இப்படி மூன்று வருடம் ஓடினேன். பிறகு வலது முழங்கால் வீங்கியது. வைத்தியர் கையால் அமத்திப் பார்த்துவிட்டு, சீமெந்துத் தரையில் நின்று வேலை செய்கிறவன் சீமெந்துத் தரையில் ஓடவும் கூடாது, நீந்து அல்லது சைக்கிள் ஓடு என்றார். எனக்கு நீந்தத் தெரியாது.

சைக்கிள் என்றதும் மனைவி சிரித்தா. "யாழ்ப்பாணத்து ஆளுக்குச் சைக்கிளை டொக்டர் எழுதித் தரவேணுமே?" என்றா. நான் சிரிக்கவில்லை. 2009 சித்திரைக்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறவில்லை என்பது அவவுக்கும் தெரியும்.

எங்கள் வயதுக்காரருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் சைக்கிள்தான் எங்களுக்குக் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். அப்பாவின் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, நான் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்போம். நான் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அப்பா "சுத்தடா" என்பார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவில், அந்தச் சைக்கிளின் பாரில் நான், கரியரில் தங்கச்சி, ஹாண்டிலில் இரண்டு பை. நாவற்குழிப் பாலம் மட்டும் அதில் ஏறி ஓட இடமே இருக்கவில்லை. அப்பா மழைக்குள் உருட்டிக்கொண்டே வந்தார். அதே சைக்கிளைத்தான் வன்னியிலும் வைத்திருந்தோம். ரயர் தேய்ந்து, கடைசியில் ரியூப் இல்லாமல் வெறும் றிம்மில் சாமான் ஏற்றி உருட்டினோம். அதைத் தெருக்கரையில் விட்டுவிட்டு வந்தோம். அப்பாவையும் அங்கேதான் விட்டோம். அதைப் பற்றி இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன், எழுத முடிந்தால்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என்னோடு வேலை செய்கிற போலந்துக்காரர் ஒருவர் தன் பழைய சைக்கிளை 60 டொலருக்குத் தந்தார். தெருவில் வேகமாக ஓடுவதற்கென்றே செய்த வகை. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், பெருவிரல் அகல ரயர், பதினாறு கியர், தூக்கினால் ஒரு கையில் வருகிறது. கரியரும் இல்லை, ஸ்ராண்டும் இல்லை, மட்கார்ட்டும் இல்லை. இதை எங்கே சாத்துவது என்பதே முதற் பிரச்சினை. சின்ன வயதில் பாருக்குக் கீழால் கால் விட்டு ஓடிப் பழகியவன் எனக்கு, ஏறி இருந்ததும் கை நடுங்கியது. அரை மணிநேரம் குடியிருப்பின் கார்த் தரிப்பிடத்தில் வட்டம் அடித்தேன். மகள் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இங்கே எல்லாம் எங்களுக்குப் புறமாறு. அப்பாவின் சைக்கிளில் வலக்கைப் பிறேக் முன்சில்லுக்கு, இடக்கைப் பிறேக் பின்சில்லுக்கு. இங்கே இடக்கைதான் முன்சில்லு. முதல் வாரமே ஒரு நாய் குறுக்கே ஓட, பழைய நினைப்பில் இடக்கையை இறுக்கினேன். பின்சில்லு மேலே எழும்பி, நான் ஹாண்டிலுக்கு மேலால் புல்லுக்குள் போய் விழுந்தேன். புல்லாக இருந்ததால் தப்பினேன். வாங்கிய அன்றே எந்தக் கை எந்தச் சில்லு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிழை ஓட்டக்காரன் செய்கிற பிழை. நடைபாதை இல்லாத தெருவில், நடக்கிறவரும் ஓடுகிறவரும் வாகனத்துக்கு எதிர்முகமாக இடது பக்கத்தால் போகவேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். மூன்று வருடம் அப்படியே ஓடிப் பழகிய நான் சைக்கிளையும் இடது பக்கத்தால், எதிர்முகமாக ஓடினேன். ஊரிலும் இடது பக்கம்தானே என்று மனம் வேறு சொல்லியது. ஒரு நாள் பொலிஸ் கார் பின்னால் வந்து நின்றது. எனக்கு எந்தச் சீருடையைக் கண்டாலும் வாய் உலரும். இறங்கி, கையை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இளம் பொலிஸ்காரர் சைக்கிளுக்குச் சட்டம் காருடையதுதான், வாகனங்களோடு சேர்ந்து வலது பக்கத்தால் போகவேணும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, கவனமாகப் போ என்று அனுப்பினார். தண்டம் இல்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் படியிலேயே இருந்தேன். எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

அதன் பிறகு சட்டத்தைத் தேடி வாசித்தேன். புதிதாக வந்தவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தலைக்கவசம் இல்லாமல் சைக்கிள் ஓடக்கூடாது. (பெரியவருக்குச் சட்டம் இல்லை, ஆனால் பிள்ளைக்கு மாட்டிவிட்டு நாங்கள் வெறுந்தலையோடு போனால் பிள்ளை கேட்குமா?) இருட்டில் முன்னுக்கு வெள்ளை விளக்கும் பின்னுக்குச் சிவப்பு விளக்கும் 500 அடி தூரத்துக்குத் தெரியவேண்டும். மணி வேண்டும். 2022 மார்ச் 1 முதல், சைக்கிளைக் கடந்துபோகிற கார் இடமிருந்தால் பக்கத்து ஒழுங்கைக்கு மாறவேண்டும். மாற முடியாவிட்டால் குறைந்தது 4 அடி தள்ளிப் போகவேண்டும். அதற்கும் இடமில்லையென்றால் 25 மைல் வேகத்துக்குக் குறைத்து, ஆபத்தில்லை என்றால் மட்டும் கடக்கலாம். சட்டம் இருக்கிறது என்பதற்காக எல்லாரும் 4 அடி விடுவார்கள் என்று நம்பவேண்டாம். இடது பக்கம் திரும்புவதுதான் இங்கே மிகவும் பயம். எனக்கு இன்றைக்கும் துணிவில்லை. இறங்கி, பாதசாரிக் கடவையால் உருட்டிக்கொண்டு போகிறேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

18ஆம் இலக்கத் தெருவுக்கு நான் சைக்கிளைக் கொண்டுபோவதில்லை. எனக்குப் பிடித்தது ரீவா அவெனியூ. லோரன்ஸ் ஓடையை மறித்துக் கட்டிய பாறிங்ரன் ஏரியின் கரையோடு போகிற தெரு. காலை எட்டரைக்குப் பிறகு போனால் கார் குறைவு. மரங்களுக்கு இடையால் தண்ணீர் மினுங்கும். மீன் பிடிக்கிறவர்கள் கை காட்டுவார்கள். அப்படியே போனால் சவுத் பிரன்ஸ்விக் பக்கம் டேவிட்சன்ஸ் மில் பொண்ட் பூங்கா வரும். முதல் தடவை அங்கே போய்ச் சேர்ந்து, வாங்கில் இருந்து வாழைப்பழம் சாப்பிட்டபோது, குளக்கட்டில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. இரணைமடு அளவு இல்லை. என்றாலும் தண்ணீர் தண்ணீர்தானே.

கார்களே வேண்டாம் என்பவர்களுக்கு டெலவெயர் அண்ட் றரிற்றன் கால்வாய் இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக்கில் லான்டிங் லேன் பாலத்தடியில் தொடங்கும். 1830க்கும் 1834க்கும் இடையில் வெட்டிய வாய்க்கால் இது. பிரதான கால்வாய் 44 மைல், அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற கிளை 22 மைல். வெட்டியவர்களில் பெரும்பாலானோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். மண்வெட்டியும் பிக்காசும் தள்ளுவண்டியும்தான். 1832இல் கொலரா வந்து பலர் வேலை செய்த இடத்திலேயே செத்துப்போனார்கள். பிறகு ரயில் வந்து கால்வாய்க்கு வேலை இல்லாமல் போக, 1932இல் கப்பலோட்டத்தை நிறுத்தினார்கள். 1974இல் அரசு பூங்காவாக்கியது. இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் மத்திய நியூ ஜேர்சியில் பலர் குடிக்கிறார்கள். படகை இழுத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் நடந்த கரைதான் இப்போது சைக்கிள் பாதை. ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் றரிற்றன் ஆறு. பொடிக்கல் தரை, ஒடுங்கின ரயர் என்றால் மெதுவாகப் போகவேண்டும். பெருமழைக்கு அடுத்த நாட்களில் போகவேண்டாம்.

சைக்கிள் பந்தயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அதிக தூரமில்லாத சமர்வில் ஊரில் 1940இல் ஒரு பந்தயம் தொடங்கியது. முதல் இரண்டு வருடமும் வென்றவர், பந்தயத்தைத் தொடக்கிய சைக்கிள் கடைக்காரரின் மகன் பேர்மன் குக்லர். 1942இல் வென்றவர் கார்ல் அன்டர்சன். இரண்டு பேரும் இரண்டாம் உலகப் போரில் இறந்துபோனார்கள். தகப்பன் பந்தயத்தை விடவில்லை. போர் முடிந்து அது திரும்பத் தொடங்கியபோது அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் அதற்கு வைத்தார்கள். போரில் இறந்தவர்களை நினைக்கிற மே மாத விடுமுறை நாளில் ஓடுகிற பந்தயம். ஒரு முறை பார்க்கப் போனேன். நூறு சைக்கிள் ஒன்றாக வளைவில் திரும்பும்போது காற்று முகத்தில் அடிக்கிறது. சனம் கை தட்டியது. நான் அந்தத் தகப்பனை நினைத்துக்கொண்டு நின்றேன்.

போன கோடையில் மகள் ஒரு நாள், "அப்பா, நீங்க எனக்குப் பழக்கமாட்டீங்களா?" என்று கேட்டாள். ஒன்பது வயது. வகுப்பில் எல்லாருக்கும் ஓடத் தெரியுமாம். கராஜ் விற்பனையில் 15 டொலருக்கு ஒரு சின்னச் சைக்கிள் வாங்கி, பெடலைக் கழற்றி, சீற்றைப் பதித்து, காலால் உந்தி உருள விட்டேன். இரண்டு நாளில் சமநிலை வந்துவிட்டது. பிறகு பெடலைப் பூட்டினேன். அப்பா எனக்குப் பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பழக்கினவர். எனக்கு முழங்கால் அதற்கு விடவில்லை. அதனால் இந்த முறை.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு, இரண்டு சைக்கிளையும் காரில் ஏற்றிக் கால்வாய்க்குப் போனோம். மகள் முன்னால், நான் பின்னால். சவுத் பௌண்ட் புரூக் போக முதலே அவளின் பின்சில்லில் காற்றுப் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. திரும்பி நடக்கவேணுமோ என்று கேட்டாள். சில்லைக் கழற்றி, ரியூப்பை இழுத்து எடுத்து, கொஞ்சம் காற்றடித்து, கால்வாய்க் கரையில் குந்தியிருந்து தண்ணீருக்குள் அமத்திக் காட்டினேன். ஒரு இடத்தில் சின்னக் குமிழி வரிசையாக வந்தது. "பாத்தியா, இதுதான் ஓட்டை" என்றேன். ஊரில் பழைய அலுமினியச் சட்டியில் அப்பா பார்க்கிற மாதிரியேதான். அரத்தாள் தேய்த்து, பசை பூசி, காயும் வரை ஊதி, ஒட்டுத் துண்டை வைத்து அமத்தினேன். அந்த வழியால் வந்த வயதான சோடி ஒன்று சைக்கிளை நிறுத்தி, உதவி வேணுமா என்று கேட்டார்கள்.

"நோ, தாங்ஸ். மை டாட் நோஸ்" என்றாள் மகள். பிறகு பம்பை என்னிடமிருந்து வாங்கி, தானே காற்றடிக்கத் தொடங்கினாள்.