பில்லில் வராத உப்பு

இப்போது நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் விலை என்ன? 199 ரூபாயா? இல்லை, ஆடித் தள்ளுபடியில் மூன்று வாங்கி ஒன்று இலவசமாக வந்ததா? எதுவானாலும் சரி, அந்த விலையைப் பிரித்துவிடலாம். நூலுக்கு இவ்வளவு, தையல் கூலி இவ்வளவு, கடைக்காரர் லாபம் இவ்வளவு, வரி இவ்வளவு. நான் பி.காம். படித்தவன். கண்ணில் படுகிற எல்லாமே எனக்கு டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். அப்படிப் பிரித்துப் பார்த்ததில், ஒரு செலவு மட்டும் ரொம்ப வருஷம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாமல் தப்பித்துக்கொண்டே இருந்தது. அதன் பெயர் உப்பு.

ஆமாம், உப்புதான்.

பருத்திக்கும் சாயத்துக்கும் அவ்வளவு சுலபத்தில் ஒத்துப்போகாது. துணியைச் சாயத் தண்ணீரில் முக்கினால் மட்டும் நிறம் ஒழுங்காக ஏறிவிடாது. இடையில் கல்யாணத் தரகர் மாதிரி ஒருவர் வேண்டும். அந்த வேலையை உப்பு செய்கிறது. கிலோ கிலோவாகக் கொட்டினால்தான் சாயம் துணியோடு ஒட்டும். கல்யாணம் முடிந்ததும் தரகர் மண்டபத்திலேயே தங்கிவிடுவாரா என்ன? கொட்டிய உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

வெளியே என்றால் எங்கே? திருப்பூரில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது: நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு அது. காஞ்சிமாநதி என்று பழைய பெயர். வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டே போகும். எண்பதுகளில் திருப்பூர் பனியன் கப்பலேறத் தொடங்கியது. சாயப்பட்டறைகள் பெருகின. பட்டறைக்குத் தண்ணீர் லாரியில் வந்தது, அதற்குக் காசு. உப்பு மூட்டையில் வந்தது, அதற்கும் காசு. சாயத்துக்குக் காசு, விறகுக்குக் காசு. உள்ளே வருகிற எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. வெளியே போகிற தண்ணீருக்கு மட்டும் பில் கிடையாது. அது போகிற ஆறு யார் பெயரிலும் இல்லையே!

பட்டறைக்காரர்களை வில்லன்களாக்கிவிட வேண்டாம். அவர்களில் பலர் அதே மண்ணில் விவசாயம் பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள். மழை பொய்த்ததும் ஏர்க்காலை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள். கடன் வாங்கித்தான் பட்டறை போட்டார்கள். லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட தொழில் அது. இன்றும் போடுகிறது. 2024-25ல் மட்டும் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்.

ஆனால் டபுள் என்ட்ரி என்று ஒன்று இருக்கிறதே! ஓரிடத்தில் வரவு என்றால் இன்னோரிடத்தில் பற்று எழுதியே தீர வேண்டும். திருப்பூர் எழுதாமல் விட்ட பற்று, ஆற்றோடு மிதந்து போய் ஒரத்துப்பாளையத்தில் உட்கார்ந்தது.

காங்கேயம், சென்னிமலைப் பக்கம் பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய அணை அது. 1992ல் கட்டி முடித்தார்கள். சில வருஷங்களிலேயே சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணை கட்டிக் கொடுங்கள் என்று விவசாயிகள் போராடித்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே, ‘ஐயா, இதில் தண்ணீர் தேக்காதீர்கள்’ என்று விவசாயிகள் கெஞ்ச வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். தண்ணீர் பார்க்கத் தெளிந்தது. ஆனால் உப்பு கண்ணுக்குத் தெரியாதே, அது அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “செவப்பா, பச்சையா வந்தப்பக்கூட எச்சரிக்கையா இருந்தோமுங்க தம்பி. கலர் போனதுக்கப்புறம்தான் நம்பிப் பாய்ச்சிட்டோம். தென்னையில குரும்பை நிக்கலே. மாடு தொட்டியில வாய வெச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அதுக்கு இருந்த புத்தி நமக்கில்லாமப் போச்சு.”

நஷ்டத்தைக் கணக்குப் போடவும் செய்தார்கள். 1996ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பின்படி உருவான ஆணையம் நொய்யல் கரைக்கும் வந்தது. 68 கிராமங்கள், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பாதிக்கப்பட்டார்கள் என்று 2004ல் சொன்னது. இழப்பீடு சுமார் 25 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகைதான். தலைக்கு வகுத்துப் பாருங்கள், ஒன்பதாயிரம் ரூபாய் தேறாது. கிணறு போய், நிலம் போய், அடுத்த தலைமுறையின் விவசாயமும் போனதற்கு அந்த விலை!

விவசாயிகள் விடவில்லை. ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது. அதைச் செய்து முடிக்கும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: முதலில் 6 பைசா, பிறகு 8, பிறகு 10. தீர்ப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி இந்தப் பைசாக் கணக்குதான். அதுவரை இலவசமாக இருந்த ஆற்றுக்கு முதன்முதலாக ஒரு ரேட் போட்டார்கள். லெட்ஜரில் நொய்யலுக்கு ஒரு பக்கம் கிடைத்தது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

அப்படியும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28. சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின்சாரம் போனது. துணிக்கு நிறம் இல்லையென்றால் தையலுக்கு வேலை இல்லை, அயர்னுக்கு வேலை இல்லை, பேக்கிங்குக்கும் வேலை இல்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். இருபது வருஷமாகக் கட்டாமல் விட்ட பில்லை ஒரே நாளில் கட்டச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அந்தப் பணத்தில் பெரும் பங்கைக் கட்டியவர் மாதச் சம்பளக்காரத் தொழிலாளி என்பதையும் கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

அதன் பிறகுதான் வேலை மும்முரமாக நடந்தது. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. உங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குகிறதே ஆர்.ஓ. மெஷின், அதன் பெரியண்ணன்கள் வரிசையாக வந்தன. வீட்டு மெஷின் வடிகட்டி ஒதுக்குகிற உப்புத் தண்ணீரை நாம் சிங்க்கில் விட்டுவிடுவோம். இங்கே அதை விட முடியாது. அதையும் கொதிக்கவைத்து, ஆவியாக்கி, உப்பைத் தனியாக, தண்ணீரைத் தனியாகப் பிரிக்க வேண்டும். உப்புக் கரைசலையே சுத்தப்படுத்தி மறுபடி சாயம் போடப் பயன்படுத்தவும் வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் 90 சதவீதத்துக்கும் மேல் பட்டறைக்கே திரும்பி வந்தது. கழிவு என்று எழுதியிருந்த இடத்தில் சரக்கு என்று எழுதும்படி ஆனது. பதினைந்து வருஷம் முன்பு ‘இது நடக்காத காரியம்’ என்று அடித்துச் சொன்ன ஊர், இன்று வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கூட்டிப்போய்ப் பெருமையாகச் சுற்றிக் காட்டுகிறது.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் நிலையங்களில் மலையாகக் கிடக்கிறது. கொதிக்கவைக்க விறகும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். நல்ல மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்குகிறது. யாரோ இருட்டில் வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இங்கே கெடுபிடி அதிகமானதும் பவானி, காவிரிக் கரைப் பக்கம் திருட்டுத்தனமாகப் போன பட்டறைகளும் உண்டு. ஓர் ஆற்றின் பில் இன்னோர் ஆற்றின் பெயருக்கு மாற்றப்பட்டது.

ஒழுங்காகத் தொழில் செய்கிற பட்டறை அதிபர் ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்: “பையர் வர்றாருங்க சார். பிளான்ட்டைப் பார்க்கிறாரு, ‘வெரி குட்’டுங்கிறாரு, போட்டோ எடுத்துக்கிறாரு. அப்புறம் உட்கார்ந்து, பங்களாதேஷ்ல பத்து சென்ட் கம்மின்னு பேரம் பேசுறாரு. பச்சை வேணும், ஆனா பச்சைக்குப் பணம் தர மாட்டாங்க.”

பையரைத் திட்டுவது சுலபம். அவர் யார் சொல்லி பேரம் பேசுகிறார்? 199 ரூபாய் பலகையைப் பார்த்ததும் பிரேக் போடுகிற நம்மைச் சொல்லித்தான். ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி வளர்வதில் தொடங்கி, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படி வந்த சட்டையை நாலு சலவையில் ஓரம் கட்டாமல் இன்னும் இரண்டு வருஷம் போட்டுக்கொள்வது ஒன்றும் தியாகமல்ல. நம் அப்பாக்கள் சாதாரணமாகச் செய்ததுதான்.

சட்டையோடு முடிகிற விஷயமும் இல்லை இது. எங்கள் குடியிருப்பில் சமீபத்தில் சங்கக் கூட்டம். கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டாருக்குக் கரன்ட் பில் எகிறுகிறதாம். “ராத்திரியில ஆஃப் பண்ணி வெச்சுட்டு, பின்னாடி மழைநீர்க் கால்வாய்ல விட்டுடலாம் சார். வீட்டுக்கு மாசம் இருநூறு ரூபா மிச்சம்” என்றார் ஒருவர். நல்ல மனிதர். தினமும் வாக்கிங் போவார், பிளாஸ்டிக் பையைக் கையால் தொட மாட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். தொண்ணூறுகளில் நொய்யல் கரையில் போட்ட அதே கணக்கை, படித்த நாற்பது பேர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கால்வாய் போய்ச் சேருகிற ஏரிக்கரையிலும் கிணறு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூட்டத்தில் நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் குடியிருப்பிலும், ஆபீஸிலும், கடையிலும் இப்படி ஒரு யோசனை என்றைக்காவது வரும். நல்லவர்தான் சொல்வார், சிரித்த முகத்தோடுதான் சொல்வார். அப்போது சண்டை போட வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

“மிச்சம்னு சொல்றீங்களே சார், அதை யார் பேர்ல பற்று எழுதப் போறீங்க?”