ஆள் தேவை

2015-இல் கீழ்பென்னாத்தூரில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருந்தேன். பட்டா மனு, கல்யாணப் பத்திரிகை என்று வேலை குவிந்து கிடந்தது. ‘தமிழ் டைப்பிங் தெரிந்த ஆள் தேவை’ என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தேன்.

நவம்பர் கடைசியில் அதைப் பார்த்துவிட்டு ஒரு திருநங்கை வந்தார். டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். “அடிச்சுக் காட்டட்டுமாண்ணா?” என்றார். கையால் எழுதிய கிரய ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தேன். நான்கெல்லை விவரத்தில் நானே திணறுவேன். அவர் விரல் எங்கும் நிற்கவில்லை. ஒரு பிழை இல்லை.

“சொல்லி அனுப்புறேம்மா” என்றேன். போன் நம்பர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. “சரிண்ணா” என்று படியிறங்கினார். அட்டை அங்கேயே தொங்கியது.

அந்த மாதம்தான் பிரித்திகா யாஷினி என்ற திருநங்கையின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டம்தான். அதனால் தடுக்கப்பட்டவர், வழக்காடி வென்றார். 2017-இல் தருமபுரியில் எஸ்.ஐ. ஆனார். அந்தத் தீர்ப்புச் செய்தியை டீக்கடையில் உரக்கப் படித்து, “இதுதான் நியாயம்” என்றவன் நான். காவல்துறை வேலை கொடுக்க வேண்டும். என் கடை கொடுக்க வேண்டாம். ‘கஸ்டமர் என்ன சொல்வாங்களோ’ என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்தக் கஸ்டமரையும் நான் கேட்கவில்லை. பயமும் அருவருப்பும் என்னுடையவை.

பிறகு ஃபிராங்க் கேமினி என்ற வானியலாளரைப் பற்றிப் படித்தேன். தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காக அவரை 1957-இல் அமெரிக்க அரசு வேலையிலிருந்து நீக்கியது. 1965-இல் வெள்ளை மாளிகை முன் அவரும் தோழர்களும் ஏந்திய பதாகைகள் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே இருப்பது கதவு சாத்தப்பட்டவர்களின் அட்டை. சாத்தியவனின் அட்டை என் பரணில் கிடக்கிறது.

திருநர்களிடம் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-இல் இந்தியாவில் சட்டமே வந்துவிட்டது. எனக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. அந்தத் திருநங்கை அடித்துக் காட்டிய ஒரு பக்கமே போதுமான சான்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் அடித்த பக்கத்தை பிரிண்ட் எடுத்து பார்ட்டியிடம் கொடுத்து முப்பது ரூபாய் வாங்கினேன். அவருக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்காததால், அந்தக் கடனை யாரிடம் போய்த் தீர்ப்பது என்று இன்றும் தெரியவில்லை.