கொம்பும் காலும்

பாளையங்கோட்டையில் கீழே ஜெராக்ஸ், மேலே டிடிபி என்று ஒரு பழைய மாடிக் கடை. படியேறிப் போனதும் அண்ணாச்சி கேட்டார்: "வாங்க, என்ன விசயமா வந்திய?"

பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒன்பது ஃப்ளாப்பிகள்.

என் பெரியப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கோயில் கொடை நடக்கும் ஊர்களில் முத்துப்பட்டன் கதையை விடிய விடியப் பாடியவர். நோட்டுகளில் எழுதி வைத்திருந்த பாட்டையெல்லாம் 1999-இல் டவுனில் ஒரு கடையில் கொடுத்து டைப் அடித்து வைத்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை தாண்டியபோது அந்த நோட்டுகள் கூழாகிப் போயின. பரண்மேல் இருந்த டப்பா மட்டும் தப்பியது.

அண்ணாச்சி ஒரு ஃப்ளாப்பியை எடுத்து அதன் உலோகத் தகட்டை விரலால் விலக்கினார். பழுப்புநிறத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. "இதை அப்படியே உள்ள தள்ளிராதிய. ஹெட்டு உரசி பூச்சு போயிரும். ஹெட்டுல ஒட்டுன அழுக்கு அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுத்துரும்."

பிளாஸ்டிக் ஓட்டை மெல்லப் பிளந்து தட்டை வெளியே எடுத்தார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றித் துடைத்தார். காய்ந்ததும் வேறொரு நல்ல ஓட்டில் வைத்து மூடினார். பிறகு எல்லா ஃப்ளாப்பிகளிலும் மூலையில் இருக்கும் சிறு அடைப்பை நகர்த்தித் துளையைத் திறந்துவிட்டார். இனி கணினியால் படிக்கத்தான் முடியும், எதையும் எழுத முடியாது. மூலம் கைதவறி அழிந்துவிடாமல் இருக்க இதுதான் முதல் காவல்.

ஒரு 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் 2,880 செக்டர்கள். ஒவ்வொன்றிலும் 512 பைட். கோப்பைத் திறக்கும் முன் இத்தனையையும் வரிசை மாறாமல் அப்படியே படியெடுக்கிறார்கள். மேற்கொண்டு வேலையெல்லாம் அந்தப் படியில்தான். எட்டு முழுதாக வந்தன. ஒன்பதாவது சில இடங்களில் முரண்டு பிடித்தது. டிரைவை மாற்றி மாற்றி மூன்று முறை ஓட்டிய பிறகு அதிலும் பெரும்பகுதி வந்துவிட்டது.

கடையின் மூலையில் ஒரு விண்டோஸ் 98 கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேஜ்மேக்கர் 6.5, அந்தக் கால எழுத்துருக்கள், ஒரு லேசர் பிரிண்டர் எல்லாம் அதோடு சேர்ந்தவை. அதற்கு இணைய இணைப்பு கிடையாது. வெள்ளத்துக்குப் பிறகு ஜங்ஷன் பக்கத்துக் கடைகள் சேறு புகுந்த பழைய கணினிகளைக் கழித்துப் போட்டபோது, அண்ணாச்சி அவற்றிலிருந்து ஃப்ளாப்பி டிரைவுகளைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து அடுக்கி வைத்திருக்கிறார். இந்தக் கணினியில் ஏதாவது பழுதானால் உதிரிப்பாகம் அந்த அடுக்கிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தப் பழைய கணினியில் தமிழாகத் தெரிந்த கோப்பையே புதுக் கணினியில் திறந்து காட்டினார். திரை முழுக்கப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். காரணம், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுவது எழுத்துருதான். எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. அக்காலத்தில் பாமினி, வானவில் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் யூனிகோடுக்கு முன் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கி என்ற குறியீட்டு முறையில் மின்னாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கு கொண்டுவர முயன்றது. பிறகுதான் யூனிகோடு பரவியது. அதில் 'த' என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண்.

குறியீடு மாற்றும் மென்பொருளான மாற்றியில் போட்டதும் முழுக் கதையும் சில நொடிகளில் யூனிகோடாகிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். "இனிமதான் ஆரம்பம். படிக்கணும்லா" என்றார் அண்ணாச்சி.

படிப்பவர் ஓர் அக்கா. இருபது வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர். விண்டோஸ் 98 கணினியிலிருந்து எடுத்த அச்சுத்தாளை அண்ணாச்சி உரக்க வாசிக்க, அக்கா புதுத் திரையை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு போகிறார். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்கிறார்கள். ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் கண் அசந்துவிடுமாம்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிழைகள் எப்படி ஒளிந்திருக்கின்றன என்பதை அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினார்.

பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, அப்புறம் கால். யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. மாற்றி இந்த இடமாற்றத்தைச் செய்துவிடும். ஆனால் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாக வெட்டுப்பட்டிருந்தால், கொம்பு அநாதையாகப் புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். இது பளிச்சென்று தெரிந்துவிடும் பிழை.

தெரியாத பிழைதான் கொடுமை. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகியிருக்கும். ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பழைய எழுத்துருவில் ஒரே வடிவம். ஔவை 'ஒளவை' ஆகிவிடுவாள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது. அடித்தவர் காலுக்குப் பதில் ரகரத்தைப் போட்டிருந்தால் மாற்றி அதையும் பயபக்தியோடு அப்படியே கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த ரகரத்தையும் காலையும் பார்த்தபோது எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வந்தது. பத்துப்பாட்டு ஏடு தேடி இதே ஆற்றங்கரைக்கு, ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளுக்கு வந்தவர் அவர்; 1889-இல் அதைப் பதிப்பித்தார். ஓலையில் மெய்க்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற பேதம் கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே எது எழுத்து, எது குறி என்று முடிவு செய்தது சொல்லையும் யாப்பையும் பொருளையும் அறிந்த மனிதர்தான். ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தபோது இருந்த அதே சிக்கல், ஃப்ளாப்பியிலிருந்து யூனிகோடுக்குப் போகும்போதும் அதே இடத்தில் காத்திருக்கிறது. மருந்தும் அதே மருந்துதான்: ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பது.

"மாத்திக் கொடுக்கத் துட்டு தந்துருவாக. படிச்சுப் பாக்கத் துட்டுன்னா யோசிப்பாக" என்றார் அக்கா. வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் எனக்கு அது சுட்டது. கோயில் தலபுராணம், ஊர் வரலாறு, சிற்றிதழ், வில்லுப்பாட்டு என்று நெல்லைச் சீமையில் ஒரு தலைமுறை அடித்து வைத்த தமிழ் இன்னும் எத்தனையோ பீரோக்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அதை மீட்க நிதி ஒதுக்குகிறவர்கள் கருவிக்கு ஒதுக்குவதோடு நிறுத்திவிடாமல், வாசிக்கிற கண்ணுக்கும் கூலி எழுத வேண்டும். வாசிக்காமல் மாற்றிய நூல், இருந்தும் அகப்படாத நூல்.

நான்காம் நாள் கோப்பு கைக்கு வந்தது. கொடுக்கும் முன் அண்ணாச்சி, "ஒங்க ஊர்ப் பேரைத் தேடிப் பாருங்க" என்றார். 'ஸ்ரீவைகுண்டம்' என்று தட்டினேன். ஐந்து இடம் என்றது திரை. "முந்தாநாளு இதே கோப்புல ஒண்ணுகூட வரல" என்றார் அக்கா. 'ஸ்ரீ' என்பதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் ஒரே முகம். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். மாற்றி ஒன்றைப் போட்டிருந்தது, நம் கை வழக்கமாக அடிப்பது மற்றொன்று. அக்கா எல்லாவற்றையும் ஒன்றாக்கி வைத்திருந்தார்.

ஐந்தாவது இடம் கதையின் கடைசிப் பக்கம். பெரியப்பா தன் பெயரையும் ஊரையும் போட்டு முடித்திருந்த வரி அது. 24 வருடமாக ஃப்ளாப்பிக்குள் இருந்த பெயர். அக்கா அந்த வரியை ஒருமுறை உரக்க வாசித்தார், சரிபார்ப்பதற்காகத்தான். நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அண்ணாச்சி அதை எடுத்து என் கையில் வைத்தார். "மூலத்தைத் தூரப் போட்டுராதிய. நாளைக்கு எங்க கண்ணுக்குத் தப்புனது ஏதாவது இருந்தா, அதைக் கேட்டுத்தான் திருத்தணும்."