விமானம் ஏறுமுன் ஒரு கணக்கு
(மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு)



இறுதியாண்டில் கால் வைத்த நாளிலிருந்து ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை அரியர் வச்சிருக்கே?" என்று யாரும் கேட்பதில்லை. "பாஸ்போர்ட் எடுத்துட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, பேராவூரணி என்று எந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் பஸ் ஏறி வந்தாலும் உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். டிப்ளமோ முடித்தவனுக்குத் திருச்சி ஏர்போர்ட்தான் அடுத்த ஸ்டாப்பிங் என்று நம் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது.

2015-ல் நடத்தப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்திலிருந்து போய் வெளிநாடுகளில் வாழ்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வந்தவர்களைப் பற்றி, "அவன் திரும்பி வந்துட்டான்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியைச் சொல்லும்போது உதட்டில் ஓர் இளக்காரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத வந்திருக்கிறேன்.

நம் காவிரிக் கரைக்குக் கப்பலும் புதிதல்ல, திரும்பி வருவதும் புதிதல்ல. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனார்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். அந்தக் கடன் தோட்டத்துக் கூலியில் கழிந்தது. 1938-ல் அன்றைய இந்திய அரசு மலேயாவுக்கு அப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. 1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தபோது, உடுத்திய துணியோடு ஜோர்டான் வழியாக விமானத்தில் வந்து சேர்ந்த இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இவர்களெல்லாம் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். வேலை இருக்கும்போதே, சம்பளம் வரும்போதே, "போதும், நான் ஊருக்குப் போறேன்" என்று முடிவெடுத்து வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களைத்தான் ஊருக்குப் புரிவதில்லை. என் மாமா அந்த வகை.

என் அம்மாவின் தம்பி அவர். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் நிலம் புது ஆற்றின் கடைமடையில் இருக்கிறது. கடைமடைக்காரனுக்கு மேட்டூரில் என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்பதுதான் பஞ்சாங்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கப்படவில்லை. குறுவை என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் மறந்துபோன காலம் அது. 2014-ல் மாமா சிங்கப்பூர் போனார். விரும்பிப் போனார் என்பதைவிட வாய்க்கால் வறண்டு போனார் என்பதே சரி.

ஸ்கில் டெஸ்டுக்குப் பயிற்சி, ஏஜெண்டு பணம், டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய். மூன்று வட்டிக்கு வாங்கினார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அதாவது மாதா மாதம் ஒன்பதாயிரம் வட்டிக்கு மட்டும்!

அங்கே ஒரு நாள் அடிப்படைக் கூலி 18 டாலர். மாதம் 26 நாள் என்றால் 468 டாலர். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. அதனால் எல்லோரும் ஓவர்டைமுக்கு அலைவார்களாம். சாப்பாடு, போன் செலவு போக மாதம் 500 டாலர் அனுப்பினார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 24,000 ரூபாய். அத்தை வீட்டுச் செலவுக்குப் பத்தாயிரம் எடுத்துக்கொண்டு மீதி பதினாலாயிரத்தைக் கடனுக்குக் கட்டினார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இந்தக் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அவருக்கு முதலில் கிடைத்த பெர்மிட் இரண்டு வருடம். அந்த 24 மாதத்தில் கட்டிய தொகை 3,36,000 ரூபாய். அதில் வட்டிக்குப் போனது மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். பெர்மிட் முடிகிற நாளில் இன்னும் பாக்கி ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். கடன் முழுதாகத் தீர 35 மாதம் ஆகும். ஒரு மாதம்கூட சம்பளம் தவறவில்லை, உடம்பு முடியவில்லை என்று ஒரு நாள்கூடப் படுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு!

புரிகிறதா நண்பர்களே? இரண்டு வருட பெர்மிட்டை நம்பி, மூன்று வருடத்தில் தீரும் கடனை வாங்கியிருக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் போட்டுப் பார்க்க ஆள் இல்லை. படித்தவர் என்று ஒருவரும் அன்று வீட்டில் இல்லை. பெர்மிட் நீட்டிக்கப்பட்டது அவருடைய அதிர்ஷ்டம்.

நான் மாமாவிடம் கேட்டேன். "அங்க உங்களைக் கொடுமைப்படுத்துனாங்களா மாமா?"

"அதெல்லாம் இல்ல மாப்ளே. சம்பளம் தேதிக்கு வந்துச்சு. ரோடு சுத்தமா இருக்கும். தண்ணி வரும், கரண்டு போகாது. குறை சொன்னா நாக்கு அழுகிப்போயிரும்."

"அப்புறம் ஏன் வெறுத்துப்போச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடனை அடைச்சதும் வந்துரலாம்னு போனேன். கடன் முடிஞ்சுது. வீட்டுக்கு மேல தளம் போட்டுட்டு வந்துரலாம்னாங்க. தளம் போட்டாச்சு. தங்கச்சி கல்யாணம்னாங்க. அப்புறம் கஜா புயல்ல தென்னை எல்லாம் போச்சு. எப்பப் போதும்னு சொல்றதுக்கு ஒரு ஆளும் இல்லடா. நானாத்தான் சொல்லிக்க வேண்டியிருந்துச்சு."

2020-ல் கொரோனா வந்தபோது சிங்கப்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் விடுதிகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த வருடக் கடைசியில் வெளியான அரசுக் கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்கு அந்த நோய் வந்து போயிருந்தது. மாமா இருந்த அறையில் பன்னிரண்டு பேர். சாப்பாடு வந்தது, சம்பளமும் வந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஓவர்டைம் இல்லாமல் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது. ஆறு வருடத்தில் தன் வீட்டில் தான் தங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணினாராம். நாலு மாதம்கூடத் தேறவில்லை. 2021-ல் ஊருக்கு வந்துவிட்டார். வந்த வாரம் அவருடைய மகள் அத்தையிடம் போய், "அப்பா எப்பம்மா கிளம்புவாங்க?" என்று கேட்டாளாம். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி!

மகள் கேட்டதிலாவது கள்ளம் இல்லை. ஊர் கேட்டதுதான் கொடுமை. "என்ன, துரத்தி விட்டுட்டானுங்களா?" "அங்க ஏதும் பிரச்சினையா?" "மறுபடி எப்பப் போறே?" டீக்கடைக்குப் போவதையே மூன்று மாதம் நிறுத்திவிட்டார் மாமா.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. திரும்பி வருகிறவனை ஊர் இப்படிக் கேட்கும் என்று அங்கே இருக்கிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். அதனால் அவன் உண்மையைச் சொல்வதில்லை. லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவன் யாருடைய காருக்கோ பக்கத்தில் நின்று போட்டோ அனுப்புகிறான். லீவுக்கு வரும்போது கடன் வாங்கியாவது சென்ட்டு, சாக்லேட்டு, கோடாலித் தைலம் என்று பெட்டி கட்டிக்கொண்டு வருகிறான். அந்தப் பெட்டியைப் பார்த்து அடுத்த வீட்டுப் பையன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். பொய் சொன்னவன் கெட்டவன் அல்ல. உண்மையைச் சொன்னால் மதிக்க மாட்டோம் என்று நாம்தான் அவனுக்குச் சொல்லாமல் சொல்லியிருக்கிறோம். வெளிநாட்டில் ஏற்படும் ஏமாற்றத்தில் பாதி இங்கே நம் திண்ணையில் தயாராகிறது என்றால் மிகையாகாது.

நம்மைப் போல் டிப்ளமோ படித்தவர்களுக்கு இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், நம்மைப் போலவே சிவில் முடித்தவர், சூப்பர்வைசர் வேலை என்று ஏஜெண்டு சொன்னதை நம்பிப் போனார். பெர்மிட்டில் இருந்தது கட்டுமானத் தொழிலாளி. இரண்டு வருடம் கம்பி தூக்கினார். "லேமினேட் பண்ணி எடுத்துட்டுப் போன சர்டிபிகேட்டை அங்க ஒருத்தர்கூடக் கேக்கலடா. ஆட்டோகேட் எல்லாம் மறந்தே போச்சு" என்றார். கம்பி தூக்குவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அப்பா இன்றும் மண்வெட்டி பிடிக்கிறவர்தான். ஆனால் மூன்று வருடம் படித்ததை இரண்டு வருடத்தில் மறப்பதற்கு மூன்று லட்சம் கட்ட வேண்டுமா? இப்போது அவர் திருச்சியில் ஒரு சைட்டில் சூப்பர்வைசர். முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டாராம்.

மாமாவின் கதைக்கு மங்களமான முடிவு எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்கிறேன். ஆறு பேரை வைத்துக்கொண்டு சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இருக்காது. சிங்கப்பூரில் அனுப்பிய அளவுக்கு எல்லா மாதமும் கையில் நிற்பதில்லை. ஆனால் லெவல் பார்ப்பதிலும், ஹெல்மெட் போடாத ஆளை சாரத்தில் ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதிலும் அவர் அங்கே கற்றது தெரிகிறது. அந்தப் படிப்புக்கு ஊரில் யாரும் மதிப்பெண் போடவில்லை. அவ்வளவுதான்.

இனி என் விஷயம். இந்தத் தைப் பொங்கலுக்கு முன்னால் ஓர் ஏஜெண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மூணு மா நிலத்தை ஒத்தி வைத்துப் பணம் புரட்டலாம் என்று அம்மா சொன்னார்கள். அது எங்களிடம் இருப்பதே அந்த ஒரு ஏக்கர்தான். நான் வேண்டாம் என்றேன். "நீ ஒருத்தன்தான் படிச்சவன், நீயே இப்படிப் பேசினா எப்படி தம்பி?" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 2024-ல்கூட மேட்டூர் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தது. நிலத்தை நம்பு என்று அவர்களிடம் நான் எப்படிச் சொல்வேன்?

பட்டினப்பாலையில் தலைவன், காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் மனைவியைப் பிரிந்து பொருள் தேட வர மாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். அப்படிச் சொல்லும் வசதி நமக்கில்லை. நான் போகவே மாட்டேன் என்று சபதம் செய்யவும் இல்லை. போனால் கணக்குப் போட்டுவிட்டுப் போவேன். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. சிங்கப்பூர் வேலைக்கான ஐ.பி.ஏ. கடிதத்தில் என்ன வேலை, என்ன சம்பளம், என்ன பிடித்தம் என்பது நம் தாய்மொழியிலேயே வரும். கிளம்புவதற்கு முன்பே அதைக் கையில் கொடுக்க வேண்டும். அதைப் படித்துப் பார்க்காமல் நிலத்தை ஒத்தி வைக்கக் கூடாது என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எந்த வருடம் திரும்பி வருவேன் என்பதையும் போவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மாமாவுக்கு "போதும்" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது எனக்கும் நடக்கக் கூடாது.

நண்பர்களே! நம்மில் பலர் போவீர்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள். போகிறவர்கள் அங்கிருந்து உண்மையை எழுதுங்கள். இங்கே இருக்கிறவர்கள், திரும்பி வந்த ஒருவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "மறுபடி எப்ப?" என்று கேட்காதீர்கள். "அங்க என்ன கத்துக்கிட்டீங்க அண்ணே?" என்று கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஏஜெண்டும் சொல்லாத கணக்கை அவர் சொல்லுவார்.