நோயாளியும் நியாயமும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது சிலப்பதிகாரம் பற்றியோ நம் நாட்டுக் கூத்துப் பற்றியோ ஒன்றாகவே இருந்திருக்கும். அத்தகைய கட்டுரைகள் இம்மலரில் வேறு அன்பர்களின் கைவண்ணத்தில் வருமென்பதில் ஐயமில்லை. யான் எழுதப் புகுவது வைத்தியசாலையையும் நீதிமன்றையும் பற்றியது. இவ்விரண்டிலும் எனக்குப் பயிற்சி இல்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தைத் தவிர வேறு பட்டமும் என்னிடம் இல்லை. எனினும், மனு எழுதத் தெரிந்தவன் என்ற பெயர் ஊரில் எப்படியோ எனக்கு நிலைத்துவிட்டது. படுவான்கரையில் எழுதத் தெரிந்தவன் வீட்டுப் படலையை ஒவ்வொருவர் துன்பமும் ஒரு நாள் வந்து திறக்கும்.

என்னிடம் தமிழ் கற்ற ஒருவனின் தந்தையார், கமக்காரர். சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு, மாசி மாதத்து வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அவர் காலில் ஏதோ குத்திற்று. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழமை வயலிலேயே நின்றார். பின்னர்க் காய்ச்சல் கண்டு ஒரு வைத்தியசாலையிற் சேர்ந்தார். நான்காம் நாள் அங்கிருந்து வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அன்றிரவே முழங்காலுக்குக் கீழ் கால் அகற்றப்பட்டது. தமக்குச் சீனி வருத்தம் இருந்ததென்பதை அவர் அறிந்ததே காலை இழந்த பின்னர்தான். ஆவணி மாதத்தில் ஊன்றுகோலுடன் பாதையேறி வாவியைக் கடந்து என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், நான் காசு கேக்கல்ல. கால் ஏன் போச்சு என்டு ஒரு மனிசரும் எனக்கு விளங்கச் சொல்லல்ல. அதைக் கேட்டு எழுதித் தாங்க" என்றார்.

அவருடைய மகன் அவ்வளவு பொறுமையுடையவனல்லன். வைத்தியரின் பெயரையும் படத்தையும் முகநூலில் ஏற்றிவிட வேண்டுமென்று துடித்தான். 2023 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட சிறுமியொருத்தியின் கையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட செய்தி நாடெங்கும் பேசப்பட்டது, அதனை எடுத்துக்காட்டி, "சத்தம் போட்டாற்றானே சேர் விசாரணை வருகிறது?" என்று கேட்டான். தந்தையார் ஒரு சொல்லில் அவனை அடக்கினார். "அவர் பிழை செய்தாரா என்டே நமக்கு இன்னும் தெரியாதே, மனே."

அந்த ஒரு சொல்லினாலேயே யான் அவருக்காக எழுத ஒப்பினேன்.

நிற்க. வைத்தியசாலையில் நோயாளியின் கட்டிலோடு இருக்கும் குறிப்பேட்டை நாம் எல்லாரும் டிக்கற் என்றே சொல்கிறோம். காய்ச்சல் எவ்வளவு, மருந்து எது, எந்தப் பரிசோதனை எப்போது எழுதப்பட்டது என்பன யாவும் அதில் உண்டு. நோயாளி வீடு திரும்பும்போது அவர் கையிற் கிடைப்பது ஒரு சிறு துண்டு மாத்திரமே. டிக்கற் வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். அதன் நகலைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டோவென்று நான் விசாரித்தபோது, ஆசிரியர் ஓய்வறையில் இருந்தோர் பெரும்பாலும் இல்லையென்றே கூறினர். உண்டு என்பதே உண்மை. 2015 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கிற்று. அதனையொட்டி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒருவரது மருத்துவக் குறிப்பைப் பிறர் கேட்டால் மறுக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால் உரியவர் எழுத்தில் சம்மதித்தால் அத்தடை நீங்கிவிடும். அரச வைத்தியசாலையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்மேல் ஆணைக்குழுவுக்கும் முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதினேன். கமக்காரர் தம் பெயரை எழுத்துக் கூட்டி ஒப்பமிட்டார்.

நகல் வந்தது. சில நாள் தாமதித்து வந்ததேயன்றி, மறுக்கப்படவில்லை. அவ்வலுவலருக்கு இவ்விடத்தில் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஆனால் இருபத்தெட்டுப் பக்கமும் ஆங்கிலம். அதிலும் வைத்தியர்களுக்கே உரிய குறுக்கெழுத்து. மனுவைத் தமிழிற் கொடுத்த குடிமகனுக்குத் தன் உடம்பின் கதை தமிழிற் கிடைக்கவில்லை. அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழைக் கற்று, மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் போதித்து, நூல்களையும் மொழிபெயர்ப்பித்தார். நம் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளும் கலைச்சொல்லாக்கத்திற்குப் பெரிதும் உழைத்தவர். இத்துணை முன்னோடிகளுக்குப் பின்னும், கால் இழந்தவர் தம் டிக்கற்றை வாசிக்க இன்னொருவரின் தயவை நாடவேண்டியிருப்பது தமிழாசிரியனாகிய எனக்கு உறுத்தவே செய்கிறது.

தயவு செய்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். இப்பொழுது வேறு மாவட்டத்தில் வைத்தியராகக் கடமையாற்றுபவர். பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாக எனக்கு விளக்கினார். முதல்நாளே இரத்தத்திற் சீனியைப் பரிசோதிக்குமாறு எழுதப்பட்டிருந்தது. பெறுபேறு மூன்றாம் நாளே பதியப்பட்டிருந்தது. இடையில் என்ன நிகழ்ந்ததென்பதற்கு அக்குறிப்பில் விடை இல்லை.

"இது நடந்திருக்கக் கூடாது, சேர். ஆனால் அந்த இரண்டு நாளாற்றான் கால் போனதென்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். அவர் வந்த அன்றே விரல்கள் கறுத்திருந்தன என்றும் எழுதியிருக்கிறது."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் வைத்தியக் கவலையீனம் பற்றிய சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இலங்கையில் இத்தகைய வழக்குகளுள் யாவரும் எடுத்துக்காட்டுவது, பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் றியென்சி அரசகுலரத்ன என்னும் வழக்கு. 1992 ஆம் ஆண்டு கொழும்பில் ஏறத்தாழ நான்கு வயதுக் குழந்தையொன்று மூளைத்தண்டிற் கட்டி ஏற்பட்டு இறந்தது. குழந்தையைப் பார்த்த குழந்தை மருத்துவப் பேராசிரியர் அதனை வாதக்காய்ச்சலோடு தொடர்புடைய கொரியா நோயாகக் கருதிச் சிகிச்சை அளித்திருந்தார். தந்தையார் மூத்த அரச சட்டத்தரணி. அவர் தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்று 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்று அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்று அதனையும் நீக்கிற்று. கவலையீனம் இருந்ததென்பதை உயர் நீதிமன்று ஏற்றது. ஆனால் அக்கவலையீனத்தினாலேயே குழந்தை இறந்ததென்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. அந்நோய், சரியாக இனங்காணப்பட்டிருந்தாலும் உயிரை விட்டுவைத்திருக்குமோ என்ற வினாவே வழக்கைத் தீர்த்துவிட்டது. சட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு ஒன்பது ஆண்டு சென்று கிடைத்த விடை இதுவென்றால், படுவான்கரைக் கமக்காரர் எதனை எதிர்பார்ப்பார்?

அத்தீர்ப்பில் என் மனத்தைத் தைத்த வேறொன்றும் உண்டு. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயருக்கும், பிள்ளையின் அன்பையும் உறவையும் இழந்தமைக்கும் நம் சட்டம் நட்டஈடு தருவதில்லை. பண இழப்பு எவ்வளவு என்பதையே அது கேட்கும். ஏனென்றால், இது உரோமரின் அக்குவிலியச் சட்டத்தின் வழிவந்தது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், பிறனுடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவன் உடையவனுக்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்று வகுக்கப்பட்ட சட்டம் அது. ஒல்லாந்தர் அதனைத் தம் நாட்டு வழக்கோடு கலந்து இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் இத்தீவில் முதன்முதலிற் கைப்பற்றிய கோட்டை, 1638 இல், நம் புளியந்தீவுக் கோட்டையே. பாடசாலைக்குப் போகும் வழியில் அக்கோட்டை மதிலைக் கடக்கும்போதெல்லாம், மாட்டுக்கு விலை மதித்த தராசில் மனிதர் துயரை நிறுக்க முடியாமற் போனதில் வியப்பில்லை என்று எண்ணிக்கொள்வேன்.

அரச வைத்தியசாலை மீது வழக்கிடுவது எவ்வாறு என்பது அடுத்த வினா. முற்காலத்தில் இத்தகைய தீங்குக்கு முடியின் மீது வழக்கிட இயலாது. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமே அவ்வழியைத் திறந்தது. இப்பொழுது சட்டமா அதிபரை எதிராளியாக்கி வழக்கிடலாம். அதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் அனுப்ப வேண்டும். தீங்கு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுள் வழக்கைத் தாக்கல் செய்யாவிடின், காலவரையறைக் கட்டளைச் சட்டம் கதவை அடைத்துவிடும். இந்த இரண்டு ஆண்டு என்ற செய்தியை எத்தனை பேர் அறிவர்? ஆறாத புண்ணையும் தீராத கடனையும் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இரண்டு ஆண்டு விரைவில் ஓடிவிடும். தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று கருதினால் இலங்கை மருத்துவச் சபைக்கும் முறையிடலாம். ஆனால் சபை நட்டஈடு பெற்றுத் தராது.

இந்தியாவில் 1995 இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில், கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் தமிழகத்து நோயாளி, பெரிய நீதிமன்றின் படிகளை ஏறாமல் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம். ஆயினும் எவரிடமும் கட்டணம் பெறாத இலவச வைத்தியசாலை அவ்விதியின்கீழ் வராது. ஆதலின் நம் கமக்காரர் அக்கரையில் இருந்திருந்தாலும் அவருக்கு அதனாற் பயனில்லை. இலவச வைத்தியம் நம் நாட்டுக்குப் பெரும்பேறு; அதனை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இலவசமாகத் தருகிறோம், ஆதலின் கேள்வி கேளாதே என்று எவரேனும் சொல்வாராயின், வரி கட்டுபவன் யார் என்று அவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

இக்கட்டுரையை வாசிக்கும் வைத்திய அன்பர்கள் என்மீது சினம் கொள்ளலாம். ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர், "நம் பிள்ளைகளை வைத்தியராக்கிவிட்டு நாமே அவர்களைக் கூட்டில் ஏற்றுவதா?" என்று கேட்டார். அவர் அச்சம் எனக்கு விளங்காததன்று. ஒரு விடுதியில் எண்பது நோயாளரை இரண்டு வைத்தியர் பார்க்கும் இரவுகள் உண்டென்பதை என் மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரிக்கையில், வைத்தியனுக்கும் முன்னதாக நோயுற்றவனையே வைக்கிறது. வகுப்பில் அவ்வதிகாரத்தை நடத்தும்போது அந்த வரிசைமுறையை நான் சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை. முதல்நாள் யாரேனும் ஒருவர் கட்டிலருகே நின்று, "ஐயா, உங்கள் பரிசோதனை தாமதமாயிற்று, இன்ன காரணம், நாங்கள் வருந்துகிறோம்" என்று தமிழிற் சொல்லியிருந்தால், அவர் ஊன்றுகோலோடு வாவியைக் கடந்து என்னிடம் வந்திருக்கவே மாட்டார். இதனை அவரே சொன்னார்.

கவலையீனம் என்னும் சட்டச்சொல்லை அவருக்கு விளக்கியபோது சிறிது நேரம் யோசித்திருந்தார். "கவலை இல்லாமல் இருந்தாங்க என்டா எழுதப்போறீங்க? அந்தத் தாதிப் புள்ள என்ட காலைப் பார்த்து அழுதவ, சேர்" என்றார். சட்டத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் என்று கூறினேன். அவர் மனம் அமைதியுற்றதாகத் தோன்றவில்லை.

நம் பழைய மாணவராகிய சட்டத்தரணி ஒருவர் கட்டணமின்றி இவ்விடயத்தை ஏற்றிருக்கிறார். சட்டமா அதிபருக்கான அறிவித்தல் மார்கழியிலேயே அனுப்பப்பட்டது. வழக்காளிக்காகச் சாட்சி சொல்லத் துறைசார் வைத்தியர் ஒருவர் வேண்டும். ஒரு வைத்தியரின் செயல் அத்துறையில் ஏற்கத்தக்கதா என்பதை இன்னொரு வைத்தியரே சொல்லவேண்டும் என்பது 1957 இல் இங்கிலாந்தில் போலம் வழக்குத் தீர்ந்த காலந்தொட்டு நீதிமன்றுகளில் வேரூன்றிய வழக்கம். மூவரைக் கேட்டோம். ஒருவர் உடனே மறுத்தார், ஒருவர் விடையளிக்கவில்லை, மூன்றாமவர் டிக்கற்றை அனுப்புங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இருபத்தெட்டுப் பக்கங்களையும் நேற்று மீண்டும் நகலெடுத்துப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். இரண்டு ஆண்டு முடிய இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கின்றன.