கம்ப்யூட்டர் ரிப்பேரும் ஒரு துண்டு பில்லும்

டிவி ரிப்பேர் ஆனால் இரண்டு நாள் சீரியல் போகும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் ஆனால் பால் கெட்டுப் போகும். கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆனால் என்ன போகும் என்பது போன பிறகுதான் தெரியும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் மகளிர் குழுக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்செலில் எழுதி வந்தார். ஒருநாள் விண்டோஸ் ஓபன் ஆகவில்லை. பாண்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டர் திரும்பி வந்தது, இரண்டு வருடக் கணக்கு வரவில்லை! ஃபார்மட் பண்ணிவிட்டார்கள். போய்க் கேட்டால், "பேக்கப் எடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையேக்கா" என்று பதில். பில்லும் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், விண்டோஸ் ஓபன் ஆகாவிட்டாலும் நம் ஃபைல்கள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் காப்பி எடுத்துவிடலாம். கொஞ்ச நேர வேலை, அவ்வளவுதான்.

பெரிய முதலியார்சாவடி கடலோர ஊர். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், கம்ப்யூட்டரை விட்டுவைக்குமா? திடீரென்று டிஸ்ப்ளே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால், ரேமின் முனையில் படிந்த அழுக்கே காரணமாக இருக்கலாம். கரண்ட் இணைப்பை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினாலே பல நேரம் உயிர் வந்துவிடும். நல்ல மெக்கானிக் இதை முதலில் செய்து பார்ப்பார். மற்றவர் எடுத்த எடுப்பிலேயே "மதர்போர்டு போச்சு" என்பார்.

அப்போ நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த சோதனை மூன்றுதான். ஒன்று, கை வைப்பதற்கு முன்பே "உள்ளே முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று அவரே கேட்பார். இரண்டு, மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுப்பார். மூன்று, என்ன வேலை, என்ன பார்ட், எத்தனை நாள் வாரண்டி என்று பில்லில் எழுதித் தருவார்.

"அந்தத் துண்டுச் சீட்டை வைத்து என்ன செய்வது? கடை புதுச்சேரியில், நம்ம ஊர் விழுப்புரம் மாவட்டத்தில்" என்று கேட்கலாம். பி.காம் படிப்பது இங்கேதான் கொஞ்சம் உதவுகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அதே சட்டம். அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

"கடையே வேண்டாம், நெட்டில் நம்பர் தேடி போனிலேயே சரி பண்ணிக்கிறேன்" என்பவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும். 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டது. பெரிய கம்பெனிகளின் டெக் சப்போர்ட் என்று நடித்து ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் சிக்கின. திரையில் வைரஸ் எச்சரிக்கையும் கூடவே போன் நம்பரும் வந்தால், அது மைக்ரோசாஃப்ட் இல்லை. அவர்களுடைய எச்சரிக்கைகளில் போன் நம்பரே இருக்காது. முன்பின் தெரியாதவர் எனிடெஸ்க் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அதைச் சொல்லியே "புதுசு வாங்கிடுங்க" என்று தள்ளிவிடும் கடைகளும் உண்டு. பழைய மெஷினில் லினக்ஸ் போட முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்பவரிடம் தைரியமாகக் கம்ப்யூட்டரைக் கொடுக்கலாம்.

வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பது எங்கள் அக்கவுன்டன்சி வகுப்பின் முதல் பாடம். ரிப்பேர் கடை வாசலிலும் அதையே பின்பற்றுங்கள்: பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.